நம் தெருவின் வரலாற்றை யார் எழுதுவது?

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வியாபார நேரத்தில் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் உங்களிடம் மூன்று கேள்விகள்.

உங்கள் தெருப் பள்ளிவாசல் எந்த ஆண்டில் கட்டப்பட்டது? அந்த இடத்தைக் கொடுத்தவர் யார்? அதற்கான பத்திரம் இப்போது யாரிடம் இருக்கிறது?

மூன்றுக்கும் பதில் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. யாரையும் சங்கடப்படுத்துவது நோக்கமல்ல. ஆனால் உங்கள் கடையைப் பற்றி இதே மூன்று கேள்விகளைக் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் சொல்வீர்கள். கடை தொடங்கிய வருடம், இடம் வாங்கிய விவரம், பத்திரம் இருக்கும் பீரோ, எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. சொந்தச் சொத்துக்கு இருக்கிற இந்தக் கவனம் சமுதாயச் சொத்துக்கு ஏன் இல்லை? இதுதான் இன்றைய பேச்சு.

நம் ஊர் நமக்குச் சொல்லும் பாடம்

வெளியூர் உதாரணத்துக்குப் போகுமுன் நம் ஊரையே பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. 1875-ல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று. அந்த வருடம் எப்படி நமக்குத் தெரிகிறது? எழுதி வைத்தார்கள், தெரிகிறது. ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தாம் வாழ்ந்த வீட்டையே அதற்குக் கொடுத்தார். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கொடுத்தவர் பெயரும் கொடுத்த பொருளும் மறக்கப்படவில்லை. 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில் இந்த ஊரின் பிழைப்பையே மாற்றியது. அந்த வரலாறும் பதிவாகியிருக்கிறது.

கட்டிடம் யார் வேண்டுமானாலும் கட்டலாம். அதைக் கட்டிய கதை எழுதப்பட்டால்தான் அது ஊரின் அடையாளம் ஆகும். எழுதப்படாத கட்டிடம் வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான்.

பிடி அரிசியில் எழுந்த பள்ளிக்கூடம்

நம் மாவட்டத் தலைநகரான விருதுநகருக்கு வாருங்கள். பெருந்தலைவர் காமராஜர் படித்தது அங்குள்ள சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியில். அந்தப் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். 'பிடி அரிசித் திட்டம்' என்று அதற்குப் பெயர். வணிகர்கள் தம் சரக்கின் மீது 'மகிமை' என்ற சிறு தொகையை ஒதுக்கினார்கள். உறவின்முறை அமைப்பு அதை வசூலித்துக் கணக்கு வைத்தது.

அந்தச் சமுதாயம் அப்போது என்ன நிலையில் இருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கோயிலுக்குள் நுழையும் உரிமை நாடார் சமுதாயத்துக்கு மறுக்கப்பட்டிருந்தது. 1899-ல் சிவகாசியில் அவர்கள் பெரும் தாக்குதலுக்கு ஆளானார்கள். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அதன் பிறகு அவர்கள் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. 1910-ல் நாடார் மகாஜன சங்கம் கண்டார்கள். 1921 மே மாதம் தூத்துக்குடியில் நாடார் வங்கியைப் பதிவு செய்தார்கள். அதுதான் 1962-ல் பெயர் மாறி இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக நிற்கிறது. நம் வணிகர்களில் எத்தனை பேர் அந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறீர்கள்!

ஒரு பிடி அரிசி சிறியது. அதைத் தினமும் எடுத்து வைப்பதும், எடுத்ததற்குக் கணக்கு எழுதுவதும்தான் பெரியது.

பெரியமேட்டுத் தோல் மண்டிகள்

நம் சமுதாய வணிகர்கள் இதில் பின்தங்கியவர்களா? இல்லை, சகோதரர்களே! சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போகிறவர்கள் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சித்தீக் சராயைப் பார்த்திருப்பீர்கள். வெளியூர்ப் பயணிகள் தங்குவதற்காக அதைக் கட்டியவர் மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சர் சி. அப்துல் ஹக்கீம். 1863-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். சொந்த ஊரில் கல்விச் சங்கம் அமைய முன்னின்றார். அவர் பெயரிலேயே மேல்விஷாரத்தில் 1965-ல் கல்லூரி வந்தது.

அதே பெரியமேட்டில் தோல் வணிகத்தில் கொடிகட்டிப் பறந்தவர் ஜமால் முஹம்மது சாஹிப். 1925-ல் மௌலானா சையது சுலைமான் நத்வி சென்னையில் பெருமானார் (ஸல்) வாழ்க்கை குறித்துத் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்து பேசினார். அந்தப் பேச்சுகள் பின்னர் உலகம் படிக்கும் நூல்களாயின. அந்த அறிஞர்களைச் சென்னைக்கு வரவழைத்ததில் பெரும் பங்கு ஜமால் முஹம்மது சாஹிபுடையது. தோல் மண்டி வைத்திருந்த ஒருவர் சம்பாதித்த பணத்தை அறிவுக்குச் செலவிட்டார் என்பதை இங்குள்ள வணிகர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1951-ல் திருச்சியில் எழுந்த ஜமால் முஹம்மது கல்லூரியில் அவரோடு சேர்த்து காஜாமியான் ராவுத்தரின் பெயரும் நிலைத்திருக்கிறது.

1902-ல் தொடங்கிய தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951-ல் சென்னையில் புதுக்கல்லூரியைத் திறந்தது. வாணியம்பாடியில் 1919-லேயே இஸ்லாமியாக் கல்லூரி வந்துவிட்டது. நமக்குப் பக்கத்தில் உத்தமபாளையத்தில் 1956-ல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி. பாளையங்கோட்டையில் 1971-ல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. இவற்றில் படித்துவிட்டு நம் பகுதியில் ஆசிரியராக, வழக்கறிஞராக இருப்பவர்கள் எத்தனை பேர்! முஸ்லிம் அல்லாத பிள்ளைகளும் அந்தக் கல்லூரிகளில் படித்து முன்னேறியிருக்கிறார்கள். நல்ல நிறுவனம் கட்டியவருக்கு மட்டும் பயன் தருவதில்லை, ஊருக்கே பயன் தருகிறது.

திருவல்லிக்கேணியில் இழந்ததும் காத்ததும்

சென்னை திருவல்லிக்கேணிக்குப் போங்கள். ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை அங்கேதான் இருக்கிறது. 1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்ததும் ஆங்கிலக் கம்பெனி அரசு பட்டத்தை ஒழித்தது. அரண்மனை கடனுக்காக ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போனது. பிறகு அங்கே அரசு அலுவலகங்கள் வந்தன. 2012 ஜனவரியில் அதன் ஒரு பகுதியான கலச மஹாலில் பெருந்தீ பிடித்தது. பிறகு அரசு அதைச் சீரமைத்தது. இன்று அந்தக் கட்டிடத்தைக் கடந்து கிரிக்கெட் பார்க்கப் போகிற இளைஞனுக்கு அது யாருடைய அரண்மனை என்று தெரியுமா?

அதே பகுதியில் 1795-ல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசல் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதில் கல்லில் பொறித்த பாரசீகக் கவிதை வரிகளை எழுதியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து சகோதரர். ரமளானில் அங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்து சகோதரர்கள் பல்லாண்டுகளாக உணவு கொண்டுவந்து பரிமாறி வருகிறார்கள். இந்த இரண்டு செய்திகளும் பதிவாகாமல் போயிருந்தால், ஒற்றுமையைக் குலைக்க நினைப்பவர்களுக்கு நாம் எதைக் காட்டிப் பதில் சொல்வோம்?

திருவல்லிக்கேணியில் 1850-ல் முஹம்மதியன் பொது நூலகம் தொடங்கியது. அதற்கு முயற்சி எடுத்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். அரண்மனை கைவிட்டுப் போனது, நூலகம் நின்றது. அரண்மனையை ஒரு குடும்பம் வைத்திருந்தது, நூலகத்தைப் பலர் சேர்ந்து காத்தார்கள். வித்தியாசம் அதுதான்.

தீயில் பிழைத்த தெரு

இப்போது உங்களைக் கடல் கடந்து அழைத்துப் போகிறேன். காரணம், நான் சொல்லவரும் அபாயத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் துல்சா என்ற நகரம். அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்கு கிரீன்வுட் என்று பெயர். வெள்ளையர் கடைகளில் அவர்களுக்கு மரியாதை இல்லை. ஆகவே 1906-லிருந்து அங்கே இடம் வாங்கித் தாங்களே கடைகள் கட்டினார்கள். ஐம்பதுக்கு மேல் அறைகள் கொண்ட ஸ்டிராட்ஃபோர்டு ஓட்டல், டிரீம்லேண்ட் திரையரங்கு, சொந்தப் பத்திரிகை 'துல்சா ஸ்டார்', மருத்துவமனை, நூலகம், பள்ளிக்கூடம், தேவாலயங்கள் என்று எல்லாம் அந்தத் தெருக்களில் இருந்தன. தையற்காரர், மளிகைக்காரர், டாக்டர், வக்கீல், எல்லாரும் அந்த மக்களே.

1921 மே 31-ஆம் தேதி இரவும் ஜூன் 1-ஆம் தேதியும் வெள்ளையர் கும்பல் புகுந்தது. சுமார் 35 தெருத் தொகுதிகள் சாம்பலாயின. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி எரிந்த வீடுகள் மட்டும் 1,256. மாண்டவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்று வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். காப்பீட்டுக் கம்பெனிகளோ, கலவரத்தால் வந்த நட்டத்துக்குப் பணம் தர முடியாது என்று கைவிரித்துவிட்டன.

மவுண்ட் சயான் தேவாலயம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கட்டுவதற்கு 50,000 டாலர் கடன் வாங்கியிருந்தார்கள். கட்டிடம் எரிந்துவிட்டது, கடன் எரியவில்லை! கட்டிடமே இல்லை, கடனை ஏன் கட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்து 1942-ல் கடனை அடைத்துவிட்டு, 1952-ல் புதுக் கட்டிடத்தையும் திறந்தார்கள்.

எரிந்த இடத்தில் மீண்டும் கட்ட முடியாதபடி நகராட்சி ஒரு சட்டம் போட்டது. தீப்பிடிக்காத விலை உயர்ந்த பொருள்களால்தான் கட்ட வேண்டுமாம்! பி.சி. ஃபிராங்க்ளின் என்ற கறுப்பின வக்கீல், அலுவலகம் எரிந்துபோனதால் கூடாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து வழக்கு நடத்தி அந்தத் தடையை உடைத்தார். மக்கள் மீண்டும் கட்டினார்கள். நாலே வருடத்தில், 1925-ல், நாடு முழுவதிலுமுள்ள கறுப்பின வணிகர்களின் மாநாடு அதே துல்சாவில் கூடியது!

சாலையில் அழிந்த தெரு

அப்படியானால் கிரீன்வுட் இன்று செழித்து நிற்கிறதா? இல்லை. தீ செய்ய முடியாததை, பிறகு வந்த 'நகரப் புதுப்பிப்புத் திட்டம்' செய்தது. 1960-களிலும் 70-களிலும் அந்தத் தெருவின் நடுவே நெடுஞ்சாலை போட்டார்கள். கடைகள் இடிபட்டன, குடும்பங்கள் சிதறின. ஒரு சில கட்டிடங்களே மிஞ்சின.

இன்னொன்றும் நடந்தது. 1921-ல் நடந்த கொடுமையைப் பற்றிப் பல பத்தாண்டுகள் யாரும் பேசவில்லை. பாடப் புத்தகத்தில் அது இல்லை. அந்த ஊர் மாலைப் பத்திரிகையின் மே 31-ஆம் தேதி இதழைப் படச்சுருளில் பார்த்தால், கும்பலைத் தூண்டியதாகச் சொல்லப்படும் முதல் பக்கச் செய்தி இருந்த இடம் கிழிந்து கிடக்கிறது!

ஆனால் எல்லாவற்றையும் கிழிக்க முடியவில்லை. மேரி பாரிஷ் என்ற கறுப்பினப் பெண்மணி, தட்டச்சு கற்றுக்கொடுத்து வாழ்ந்தவர், தப்பித்தவர்களை நேரில் சந்தித்து அவர்கள் சொன்னதை அப்போதே எழுதிப் புத்தகமாக அச்சிட்டார். 1997-ல் அரசு ஒரு ஆணையம் அமைத்து 2001-ல் அறிக்கை வெளியிட்டபோது இத்தகைய பதிவுகள்தான் கைகொடுத்தன. 2024-ல் மரபணுச் சோதனை மூலம் கல்லறை ஒன்றில் கிடந்தவரின் பெயரைக் கண்டுபிடித்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து ஒரு மனிதனுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது!

அதே 2024-ல், உயிரோடிருந்த முதியவர்கள் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கை ஒக்லஹோமா உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். காலம் கடந்த பிறகு நியாயம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று பாருங்கள்.

ஒரு குமாஸ்தா செய்த காரியம்

நியூயார்க்கில் ஹார்லெம் என்ற பகுதி. மால்கம் எக்ஸ் பேசி வாழ்ந்த இடம் என்றால் உங்களுக்கு உடனே புரியும். அங்கே அவர் பெயர் தாங்கிய சாலையில் ஷாம்பர்க் என்ற ஆய்வு நூலகம் இருக்கிறது. ஆர்துரோ ஷாம்பர்க் கோடீஸ்வரர் அல்ல. ஒரு வங்கியில் தபால் பிரிவில் வேலை பார்த்தவர். சிறுவனாக இருந்தபோது அவருடைய ஆசிரியர், கறுப்பின மக்களுக்கு வரலாறே கிடையாது என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பேச்சைப் பொய்யாக்குவதே அவர் வாழ்க்கை ஆனது. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புத்தகம், கடிதம், துண்டுப் பிரசுரம், ஓவியம் என்று தேடித் தேடிச் சேர்த்தார். 1926-ல் அந்தச் சேகரிப்பு 10,000 டாலருக்கு வாங்கப்பட்டு ஹார்லெம் பொது நூலகத்துக்கு வந்தது. இன்று அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன.

'எங்களிடம் வசதி இல்லை' என்று சொல்கிற இளைஞர்களே, ஒரு தபால் குமாஸ்தாவுக்கு இருந்த வசதிகூடவா உங்களுக்கு இல்லை? உங்கள் கையிலிருக்கும் செல்பேசியில் படம் எடுக்க முடியாதா?

எங்கே தேடுவது?

பேச்சு போதும், வேலைக்கு வருவோம். நம் பகுதி ஆவணங்களைத் தேடுகிறவர்கள் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பிறகு ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனது. அதன் தலைமை அலுவலகமோ மதுரையில் இருந்தது. 1985-ல் காமராஜர் மாவட்டம் பிரிந்தது, அதுவே பிறகு விருதுநகர் மாவட்டம் ஆனது. ஆகவே 'கலெக்டர் ஆபீசில் பழைய தாள் இல்லை' என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். தாள் எந்தக் காலத்தது என்று பார்த்து, அந்தக் காலத்து மாவட்டத்தில் தேடுங்கள். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மானிய நிலமாக இருந்தால் 1860-களில் எழுதிய இனாம் பதிவேட்டில் அதன் விவரம் இருக்க வாய்ப்புண்டு.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். வில்லங்கச் சான்று போடுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் பட்டா, அ-பதிவேடு ஆகியவற்றின் நகல் கேளுங்கள். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆர். கணக்கில், பள்ளிவாசலின் பெயருக்குப் பதில் அன்றைய முத்தவல்லியின் சொந்தப் பெயர் ஏறியிருக்கலாம். நல்ல மனிதர் பெயரில்தானே இருக்கிறது என்று விட்டால், அவர் பேரப்பிள்ளைகள் காலத்தில் அது குடும்பச் சொத்தாகிவிடும்! வக்ஃபு வாரியத்தின் அரசிதழ் அறிவிப்பில் உங்கள் பள்ளியின் சர்வே எண் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இது இன்று அவசரமான வேலை. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃபு திருத்தச் சட்டம், நீண்டகாலப் பயன்பாட்டாலேயே ஒரு இடம் வக்ஃபு ஆகும் என்ற வழியை இனி வரும் சொத்துக்களுக்கு அடைத்துவிட்டது. சொத்து விவரங்களை 'உமீத்' இணையதளத்தில் ஏற்றச் சொன்னது. அந்தச் சட்டத்தின் சில பிரிவுகளை 2025 செப்டம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. ஆனால் பதிவு செய்ய வேண்டும் என்பதை நிறுத்தவில்லை. சட்டத்தை எதிர்ப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். கையில் தாளை வைத்துக்கொண்டு எதிர்ப்பவனுக்கும் வெறுங்கையோடு எதிர்ப்பவனுக்கும் நீதிமன்றத்தில் ஒரே மதிப்பு இருக்காது.

நாளை காலை செய்ய வேண்டியது

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் எழுபது வயதைக் கடந்த பெரியவர்களின் பட்டியலைப் போடுங்கள். ஆண்களோடு நிறுத்திவிடாதீர்கள். பாட்டிமார்களுக்கும் பெரியம்மாமார்களுக்கும் தெரிந்த பல விஷயங்கள் ஜமாஅத் மினிட் புத்தகத்தில் இருக்காது. யார் வீட்டில் மதரஸா நடந்தது, பஞ்ச காலத்தில் யார் கஞ்சி ஊற்றினார், கிணறு வெட்டக் கூலி வாங்காமல் உழைத்தவர் யார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். மையவாடியில் எழுத்துள்ள கற்களைப் படம் எடுங்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

வணிகர்களே! உங்கள் கடையின் பழைய பேரேடுகளை எடைக்குப் போடாதீர்கள். எந்த ஊரிலிருந்து சரக்கு வந்தது, யாரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது, பள்ளிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நாடார், ராஜுக்கள், செட்டியார், முஸ்லிம் என்று எல்லாரும் ஒருவரையொருவர் நம்பிக் கடன் கொடுத்து வாழ்ந்த வரலாறு அந்தப் பேரேடுகளில் இருக்கிறது. அதைவிட நல்ல சமய நல்லிணக்கச் சான்று வேறென்ன வேண்டும்?

ஜமாஅத் நிர்வாகிகளே! பத்திரத்தின் அசல் வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். மூன்று நகல்கள் மூன்று வெவ்வேறு பேரிடம் இருக்கட்டும். யாரிடம் எது இருக்கிறது என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வரவு செலவைப் படித்துக் காட்டுங்கள். கணக்குக் காட்டுகிற இடத்தில்தான் கொடுக்கிறவன் மீண்டும் கொடுப்பான்.

இவை எல்லாம் சேர்ந்தால் நாற்பது பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் வரும். ராஜபாளையம் மஹல்லாக்களின் வரலாறு ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் மஹல்லாக்களின் வரலாறு ஒன்று. அதில் ஒரு பிரதியைப் பென்னிங்டன் நூலகத்துக்குக் கொடுங்கள். இன்னொன்றைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுங்கள். நம் கதை நம் அலமாரியில் மட்டும் இருந்தால் போதாது, ஊரின் அலமாரியிலும் இருக்க வேண்டும். இந்த ஊரின் வரலாற்றில் நமக்கும் பக்கங்கள் உண்டு. அவற்றை நாம் எழுதாவிட்டால் வெற்றுத் தாளாக இருக்கும், அல்லது நம்மை அறியாத வேறொருவர் எழுதுவார்.

கூட்டம் முடிந்ததும் யார் எந்தத் தெருவுக்குப் பொறுப்பு என்று பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் கூடும்போது பேச்சாளர் வேண்டாம். நீங்கள் கொண்டுவரும் தாள்களைப் படித்தாலே போதும்.